வினாடிக்கு இரண்டு துளி

பார்சல்காரன் படியில் வைத்துப் போன
ரெஜிபோம் பெட்டியின் மேல் பனி.
"உயிருள்ளவை" என்று ஜெர்மனில் எழுதித்
தலைகீழாக ஒட்டியிருந்தார்கள்.
உள்ளே சூட்டுப் பொட்டலம் ஆறிக்
கல்லாகக் கிடந்தது.
மூன்று பைகள். மூன்றிலும் பாலித் தீவின் இருட்டு.

அறை விளக்கை அணைத்தேன்.
சிவப்புத் தாள் சுற்றிய ரோச் போதும்.
முப்பத்தாறு மணி நேரம் இருளில் வந்த கண்ணுக்குத்
திடீர் வெளிச்சம் அறை வாங்கியது போல.
முடிச்சு அவிழ்க்காமல் பைகளைத் தொட்டியில் மிதக்கவிட்டேன்,
கால் மணி நேரம்.
சூடும் குளிரும் தங்களுக்குள் பேசி முடிக்கட்டும்.

அதற்குப் பிறகுதான் அவசரம்.
மூடிய பைக்குள் மீனின் கழிவு
பல் இல்லாத பாம்பு.
புதுக்காற்றுப் பட்டதும் அதற்குப் பல் முளைக்கும்.
மெதுவாகவும் செய்ய வேண்டும்,
சுணங்கவும் கூடாது.
இந்த இரண்டையும் ஒரே கையில் பிடிக்க
இரண்டு மீன்களைச் சாகக் கொடுத்துத்தான் படித்தேன்.

வாளியில் அவை. தொட்டியிலிருந்து இறங்கும்
மெல்லிய குழாயின் நடுவே ஒரு முடிச்சு.
இறுக்கினால் துளி, தளர்த்தினால் ஒழுக்கு.
வினாடிக்கு இரண்டு.
பை நீரின் உப்பு இருபது,
என் தொட்டியில் இருபத்தைந்து.
(கடைக்காரன் குறைத்துத்தான் அனுப்புவான்,
உப்பும் காசுதானே.)
அந்த ஐந்து படி ஏற
முக்கால் மணி நேரம் முழங்காலில் இருந்தேன்.

வெளியே, ஃபோவிங்கல் தெருவின் தலைக்கு மேல்
வுப்பர்டாலின் தொங்கும் ரெயில் போகிறது.
ஒவ்வொரு தடவையும் வாளி நீர் நடுங்க,
மீன்களும் நானும்
ஒன்றாகத் திடுக்கிடுகிறோம்.

சுகிர்தா கதவில் சாய்ந்து கேட்டாள்:
"என்ன, அகதிக் கதையோ சொல்லுறீங்கள் அதுகளுக்கு?"
"இல்லை. உப்புக் கணக்குப் பாக்கிறன்."
உண்மைதான்.
நான் வந்திறங்கியபோது எவரும் துளி எண்ணவில்லை.
ஆனாலும் மீன் மீன்தான்.
அதன் முதுகில் என் பெட்டியை ஏற்ற மாட்டேன்.

சின்னச் சிவப்பன் வாளியிலேயே பக்கம் சாய்ந்தான்.
செவுள் ஒரு தடவை திறந்தது. இன்னொரு தடவை.
மூன்றாவதுக்குக் காத்திருந்தேன்.
செத்ததைப் படம் பிடித்து இரண்டு மணி நேரத்துக்குள் அனுப்பினால்
பதினெட்டு ஈரோ திரும்பி வரும்.
வெட்கமாக இருந்தது.
அனுப்பினேன்.

வரியன் வலையிலிருந்து நழுவிப் பாறை இடுக்குக்குள்.
மஞ்சள் கிளிமீனோ
சுற்றிப் பார்க்கவே இல்லை.
தலைகீழாகப் பாய்ந்து மணலுக்குள் போனது.
முற்பகல் பதினொன்றரை.
பை நீரைக் கழிவறையில் ஊற்றினேன்,
அதில் ஒரு சொட்டும் தொட்டிக்குள் போகக்கூடாது.

மூன்று இரவும் வேலையால் வந்ததும்
விளக்கைப் போட்டுத் தேடினேன்.
மணல், மணல், மணல்.

நான்காம் நாள் குளிர்பெட்டிக் கதவில் சீட்டு:
"கிண்டிப் பாருங்கோ.
செத்திருந்தால் தண்ணி பழுதாப்போகும்."
அதைப் படித்தது பிறகு.
பாண் தொழிற்சாலையின் பின்னேர வேலை முடிந்து
மா படிந்த சப்பாத்தோடு உள்ளே வந்தபோது
பதினொன்று பத்து.
இரண்டு கையிலும் பை. சுவிட்சைத் தொடவில்லை.
கடைசி ரெயில் தன் சன்னல்களை
ஒவ்வொன்றாக என் சுவரில் போட்டெடுத்துப் போனது.
அந்த வெளிச்சத்தில்
மணல் சிறு மேடாகி, இருமி,
மஞ்சளை வெளியே தள்ளியது.

பாலியில் காலை ஆறு தாண்டிவிட்டது.
அது ஒளித்திருக்கவில்லை.
தன் இரவைத் தன்னோடு கொண்டுவந்து
அதற்குள் படுத்திருக்கிறது;
விடிந்து எழும்பும் நேரம் பார்த்து
மூன்று நாளும் நான்தான்
விளக்கைப் போட்டு விரட்டியிருக்கிறேன்.

சீட்டின் கீழே பென்சிலால் எழுதினேன்:
"கிண்ட வேண்டாம். அதுக்கு இப்பதான் விடிஞ்சது."
சப்பாத்தைக் கழற்றாமலே
ஒரு சிட்டிகை இறாலைக் கரைத்து விட்டேன்.
பாதியைத் துப்பியது.
மீதியைத் தின்றது.